பதிமூன்றாவது பிரஷ்

கன்டெய்னர் வெறுங்கையோடு வரும் ஆள் இல்லை. எப்போது வந்தாலும் கக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். அதைப் பேக்கிங் மேசைக்கு நடுவில் தொப்பென்று போட்டுவிட்டு, பட்டறையில் இருக்கும் ஒரே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, "பாப்பா, குடிக்கத் தண்ணி" என்பார்.

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அந்த பிரஷ் பட்டறையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அவள் அக்கா. கணவருக்கு 'இந்தாம்மா'. கூடப்பிறந்த அண்ணன் ஒருவருக்கு மட்டும் இன்னும் பாப்பா. வெளிநாட்டுச் சாமான்களைக் கப்பலில் கன்டெய்னர் கன்டெய்னராக இறக்கி ஊர் முழுக்க விற்பதால் அண்ணனுக்கு அந்தப் பெயர். வைத்தவள் தங்கைதான். அவருக்கும் அது பிடித்துப்போய், போனில்கூட "நான் கன்டெய்னர் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"இன்னைக்கு என்னண்ணே குப்பை?" என்றாள் அக்கா, தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி.

"பிரிச்சுப் பாரேன்."

பிரித்தாள். உள்ளே பாட்டில் கழுவும் பிரஷ்கள். நீலம், ரோஸ், பச்சை என்று கைப்பிடிகள் கண்ணைப் பறித்தன. அவள் பட்டறையில் செய்வதும் இதே பிரஷ்தான், கைப்பிடியில் வண்ணம்தான் கிடையாது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே நைலான் நாரைப் பரப்பி, மெஷினில் கொடுத்து முறுக்கினால் நார் சுற்றிலும் விரிந்துகொள்ளும். பிறகு அதை ஒரே அளவாகக் கத்தரித்து, கம்பியின் வாலை வளைத்தால் பிரஷ் தயார். கேட்க லேசாக இருக்கும். முறுக்கு ஒரு சுற்று குறைந்தால் நார் உதிரும், ஒரு சுற்று கூடினால் கம்பி பட்டென்று அறுந்துவிடும்.

மெஷினுக்கு அடியிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். முதலாளி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மெஷின் மக்கர் பண்ணினால் அடியில் படுத்துக் கிரீஸ் பூசிக்கொள்வதும் அவர்தான், லாரி வந்தால் பெட்டி தூக்குவதும் அவர்தான். அக்காவின் கணவர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஒரு ரோஸ் பிரஷ்ஷை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன விலை மச்சான்?"

கன்டெய்னர் விலையைச் சொன்னார். முதலாளியின் முகம் சுருங்கியது.

"நான் கம்பி வாங்குற விலையே இதுக்கு மேல."

"அதைத்தான் மாப்ள நானும் சொல்றேன். நீ கம்பி வாங்கி, முறுக்கி, வெட்டி, வளைச்சு நாக்கு தள்ளுறே. அவன் எல்லாத்தையும் முடிச்சு, கலர் பூசி, கப்பல்ல ஏத்தி, கடல் தாண்டி என் கடை வாசல்ல கொண்டுவந்து போடுறான், உன் கம்பி விலைக்கும் கீழே. எப்படின்னு என்னைக் கேக்காதே. அங்க ஒரு ஷெட்டு நம்ம தெரு நீளத்துக்கு இருக்கு. இந்தப் பக்கம் கம்பிச் சுருளை மாட்டினா அந்தப் பக்கம் பெட்டியா வந்து விழுது. மனுசனைத் தேடிக் கண்டுபிடிக்கணும்."

"இருக்கட்டுமே. எங்களுது உள்ளூர்ச் சரக்கு" என்றாள் அக்கா விறைப்பாக.

"எது உள்ளூர்? உன் கம்பி கப்பல்ல வந்தது. நாரும் கப்பல்ல வந்தது. மெஷின், எங்கேயோ ஓடி ஓடித் தேஞ்சதுக்கப்புறம் இங்க வந்தது. இந்தப் பட்டறையில உள்ளூர்ன்னு சொல்லணும்னா நீங்க புருஷன் பொண்டாட்டி போட்டுக்கிற சண்டை ஒண்ணுதான்."

பேக்கிங்கில் இருந்த பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். அதில் பெரிய சிரிப்பு 'ரேடியோ'வுடையது. காலையில் பட்டறைக்குள் நுழைந்தால் சாயந்திரம் வெளியே போகும்வரை வாய் மூடாதவள். அவளுக்கு அந்தப் பெயர் வைத்ததும் அக்காதான்.

முதலாளி சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியும், மச்சான் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் விளையாட்டில்லை. வெளிநாட்டுச் சாமான்களுக்குப் போட்டிருந்த வரியைக் குறைத்த பிறகு, வருஷக்கணக்காக அவரிடம் வாங்கிய கடைக்காரர்கள்கூட ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். "கோவிச்சுக்காதீங்க, உங்க பிரஷ்தான் நல்லா உழைக்குது, ஆனா கேக்குறவங்க விலையைத்தானே கேக்குறாங்க" என்று எல்லோரும் ஒரே வசனத்தைப் பேசினார்கள். அவர்கள் இப்போது வாங்குவது கன்டெய்னரிடம்.

அதற்காக மச்சான் மேல் கோபப்படவும் முடியாது. அவர் விற்காவிட்டால் அடுத்த தெருக்காரர் விற்பார்.

"யோசிச்சியா மாப்ள?" என்றார் கன்டெய்னர், குரலைத் தணித்து. "என் குடோனைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இந்த ஷெட்டை எனக்கு விடு. மெஷினை வித்துடு. நீ என்னோட வியாபாரத்துக்கு வா. பாப்பாவும் கொஞ்சம் உக்காந்து சாப்பிடட்டும்."

"ஒரு ஆர்டர் போயிருக்கு மச்சான். அதுக்கு அடுத்தது வந்தா பட்டறை ஓடும். வரலைன்னா ஷெட்டு உங்களுக்கு. வார்த்தை மாற மாட்டேன்."

அக்கா பிரஷ் பெட்டியை மூடி அண்ணன் மடியில் வைத்தாள். "வரும்" என்றாள். அவள் சொன்ன விதத்தைப் பார்த்தால் ஆர்டர் தெருமுனையில் நிற்பதுபோல இருந்தது.

அந்த ஆர்டரைக் கொண்டுவந்தவள் ஏஜென்ட் பெண். ஸ்கூட்டரில் பறப்பாள், நாலு மொழி பேசுவாள். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர்களுக்கும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கும் நடுவே நின்று தரகு வாங்குவது அவள் பிழைப்பு. குழந்தைகளுக்கான சாமான்கள் விற்கும் ஒரு பையர், அதுவரை வேறொரு நாட்டில் பிரஷ் வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே கூலி ஏறிவிட்டதாம். இப்போது நாடு நாடாக மலிவு தேடி அலைகிறார். பால்புட்டிக்கு ஒன்று, ஃபிளாஸ்க்குக்கு ஒன்று, கண்ணாடி டம்ளருக்கு ஒன்று என்று மூன்று ரகம் கேட்டு, பரீட்சைக்காக ஓர் ஆர்டர் கொடுத்தார்.

விலையை அவர் கசக்கிப் பிழிந்த பிழியில் முதலாளிக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனாலும் முறுக்கில் கை வைக்கவில்லை. எல்லோரும் கொடுப்பதைவிட இரண்டு சுற்று கூட. "பால்புட்டியில நார் உதிர்ந்து கிடந்து, அதைக் குழந்தை குடிச்சா?" என்று கேட்பார். மெஷின் மெதுவாக ஓடும், சரக்கு குறைவாக வரும். பரவாயில்லை என்பார். முடிந்த பிரஷ்களை அக்கா ஒவ்வொன்றாக மூடிய கைக்குள் விட்டு உருவிப் பார்ப்பாள். உள்ளங்கையில் ஒரு நார் ஒட்டினாலும் அந்த பிரஷ் திரும்ப மெஷினுக்குப் போகும்.

ஆர்டர் கப்பலேறியது. அதன் பிறகு பட்டறையில் எல்லோருடைய காதும் வாசலில் வரும் ஸ்கூட்டர் சத்தத்துக்கே காத்திருந்தது.

கன்டெய்னர் தண்ணீர் குடித்துவிட்டுப் போன மறுநாள் அந்தச் சத்தம் கேட்டது.

ஏஜென்ட் பெண் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். முகம் சரியில்லை.

"சார், பெட்டிக்கு எத்தனை வெச்சீங்க?"

"பன்னெண்டு" என்றார் முதலாளி. "பேப்பர்ல இருக்கிறபடி."

"அங்க துறைமுகத்துல ஒரு பெட்டியைப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. பதிமூணு இருந்துச்சாம். இன்னொண்ணைப் பிரிச்சிருக்காங்க. அதுலயும் பதிமூணு. இப்போ மொத்தச் சரக்கையும் ஓரங்கட்டி நிறுத்திட்டாங்க."

"வாய்ப்பே இல்லம்மா. இந்தாம்மா, நீ சொல்லேன்..."

அக்கா பிரஷ் பெட்டிக்கு ஒட்டும் டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். முதலாளி பேக்கிங் மேசையைத் திரும்பிப் பார்த்தார். ரேடியோ வாயே திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் சும்மா இருந்தது அன்றுதான். அதிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கொசுறா?" என்றார்.

அக்கா தலையாட்டினாள்.

பன்னிரண்டு வாங்கும் கடைக்காரருக்கு ஒன்று கொசுறு. பட்டறை ஆரம்பித்த நாள்முதல் அதுதான் வழக்கம், ஆரம்பித்துவைத்தவளும் அக்காதான். ஏற்றுமதிப் பெட்டி கட்டும்போது முதலாளி பல தடவை சொல்லியிருந்தார், "இது கடைக்காரருக்குப் போறது இல்ல, பேப்பர்படிதான்" என்று. அக்காவும் சரி சரி என்றாள். ஆனால் பன்னிரண்டை அடுக்கி மூடியை அழுத்தும்போது அவளுக்கு மனசு கேட்கவில்லை. முதல் தடவையாக நம்மிடம் வாங்குகிறார்கள். எண்ணி எண்ணி வைத்ததுபோல அனுப்பினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? "அக்கா, முதலாளி திட்டுவாரே" என்ற ரேடியோவை, "நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே போடு" என்று அடக்கிவிட்டாள்.

"குறைஞ்சாத்தானேம்மா தப்பு?" என்றாள் இப்போது ஏஜென்ட் பெண்ணிடம், பரிதாபமாக. "கூட இருந்தா சந்தோசம்தானே?"

"அங்க கூடினாலும் தப்புக்கா. பேப்பர்ல எழுதாத சரக்கு. வேற என்னத்தை ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு கேக்குறாங்க."

முதலாளி போய் மெஷின்களை நிறுத்தினார். ஓடி ஓடிப் பழகிய சத்தம் நின்றதும் பட்டறை இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. திட்டியிருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பதில் பேச ஒரு பிடி கிடைத்திருக்கும்.

சேதி கேட்டு வந்த கன்டெய்னர், நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"உலகத்துல எல்லாரும் கப்பல்ல தங்கம் கடத்துறான், வைரம் கடத்துறான். என் தங்கச்சி கொசுறு கடத்தியிருக்கா!"

அதற்கும் அக்கா வாய் திறக்கவில்லை என்றதும் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா ஏஜென்ட்டு, இங்க வா. அந்தப் பேப்பரை எடு. இங்க துறைமுகத்துல என் சரக்கு மாட்டாத மாட்டலா? நான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவன். உடைஞ்சா, வளைஞ்சா மாத்திக்கிறதுக்குக் கூட வெச்ச உருப்படி, விலை கிடையாதுன்னு திருத்திப் புதுசா எழுதணும். அபராதம் கொஞ்சம் கட்டச் சொல்வான். கட்டிரலாம். அழுகாத பாப்பா."

"நான் எங்க அழுதேன்?"

"அப்போ கண்ணைத் துடை, வேர்த்திருக்கு."

ரேடியோவுக்குக் குரல் திரும்பிவிட்டது. "ஏங்க, சரக்கு மாட்டினா ஷெட்டு உங்களுக்குத்தானே வரும்? எதுக்குங்க நீங்களே விடுவிக்கிறீங்க?"

"ஷெட்டு வேணும்தான். அதுக்காக என் வீட்டுச் சரக்கு எவன் ஊர் துறைமுகத்துலயோ திருடன் மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதா? வேலையைப் பாரு."

சரக்கு விடுபட்டது. சில நாள் கழித்து, பையர் பேச விரும்புவதாக ஏஜென்ட் பெண் சொன்னாள். அங்கே விடியும் நேரம், இங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மடிக்கணினியைப் பேக்கிங் மேசையில் வைத்தாள். திரையில் ஒரு நடுவயது ஆள், கையில் காபிக் கோப்பையோடு. நல்ல தூக்கம் தூங்கி எழுந்த முகம். அக்கா தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். முதலாளி துவைத்த சட்டை போட்டிருந்தார். முதுகுப் பக்கம் கிரீஸ் கறை இருந்தது, திரையில் தெரியாது.

அந்த ஆள் பேச, ஏஜென்ட் பெண் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"மெஷின் வெச்சு இழுத்துப் பார்த்தாங்களாம். ஒரு நார்கூட வரலையாம். கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து மறுபடி இழுத்தாங்களாம். அப்பவும் வரலையாம். முன்னாடி வாங்கினதுல நார் உதிர்ந்து தாய்மார்கள்கிட்ட நிறையப் புகாராம். உங்களுது அருமைங்கிறார். மூணு ரகத்துலயும் பெரிய ஆர்டர் தர்றேங்கிறார். மாசா மாசம்."

ரேடியோ அக்காவின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

அந்த ஆள் இன்னும் பேசினார். ஏஜென்ட் பெண் உடனே சொல்லாமல் தயங்கினாள்.

"என்னம்மா?"

"விலையில ஒண்ணு சொல்றாரு சார். பன்னெண்டுக்கு வாங்கின காசுல பதிமூணு குடுக்க உங்களால முடிஞ்சிருக்கு. அப்படின்னா உங்க விலையில அந்த அளவுக்கு இடம் இருக்கு. அடுத்த ஆர்டர்ல அதைக் குறைச்சுக்கலாம்னு சொல்றார். கொசுறு வேணாமாம், விலையைக் குறைச்சாப் போதுமாம்."

அந்த ஆள் முகத்தில் குரோதம் ஒன்றும் கிடையாது. கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் போடுகிற கணக்கைத்தான் போட்டிருந்தார். காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

முதலாளியின் கை பின்கழுத்துக்குப் போனது. மனதில்லாமல் ஒத்துக்கொள்ளும்போதெல்லாம் அந்தக் கை பின்கழுத்துக்குத்தான் போகும். அவர் கணக்கும் அவளுக்குத் தெரிந்ததுதான். அந்த விலைக்கு இறங்கினால் அந்த இரண்டு சுற்று முறுக்கைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் ரேடியோ மாதிரிப் பெண்களின் கூலியைக் குறைக்க வேண்டும். பட்டறை ஓடும். ஆனால் எந்தப் பட்டறை?

"இரு" என்றாள் அக்கா. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அவர்கிட்ட நான் சொல்றதை அப்படியே சொல்லு. அந்தப் பதிமூணாவது பிரஷ் எங்ககிட்ட மிஞ்சிப் போனது இல்ல. எங்க கையிலேர்ந்து எடுத்துக் குடுத்தது. முதல் தடவை வாங்குறீங்க, உங்க கடையில குழந்தைச் சாமான் விக்கிறீங்க, அந்தச் சந்தோசத்துல குடுத்தது. நாங்க குடுக்கிறது வேற, நீங்களா எடுத்துக்கிறது வேற. வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு வாய் கூடப் போட்டா, உங்க வீட்ல அரிசி அதிகம்னு மூட்டையைத் தூக்கிட்டுப் போவீங்களா?"

ஏஜென்ட் பெண் அதைச் சொன்னாள். சீக்கிரமே முடித்துவிட்டாள்.

"நான் இவ்வளவு பேசினேன், நீ அவ்வளவுதான் பேசினே?"

"சாரம் வந்துடுச்சுக்கா. மூட்டையும் வந்துடுச்சு."

அந்த ஆள் நெற்றியைச் சுருக்கினார். ஏதோ கேட்டார். கோபம் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்கிற முகம்.

"வேற நாட்டுலேர்ந்து உங்களைவிடக் கம்மி விலை ஏற்கெனவே கையில இருக்காம். உங்க கடைசி விலை என்னன்னு கேக்குறார்."

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் கை பின்கழுத்திலிருந்து இறங்கியிருந்தது.

"பழைய விலைதான்" என்றார் முதலாளி. "பெட்டிக்குப் பன்னெண்டு. அதுல ஒரு நார் உதிர்ந்தாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லும்மா."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அந்த ஆள் போய்விட்டார். திரை இருண்டது. அதில் அவர்கள் முகங்களே வரிசையாகத் தெரிந்தன.

அப்புறம்தான் அக்காவுக்கு உறைத்தது. மாசா மாசம் என்றாரே. பெரிய ஆர்டர் என்றாரே. கையில் வந்ததை வாயால் தட்டிவிட்டோமோ? கம்பிச் சுருள் அடுக்கியிருந்த மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். முதலாளியும் வந்து பக்கத்துச் சுருளில் உட்கார்ந்தார்.

"நீங்க ஒத்துக்கத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"அப்போ என்னைத் தடுத்திருக்கலாம்ல?"

"நீ பேசும்போது குறுக்க வந்து யாரு வாங்கிக் கட்டிக்கிறது?" என்றார். பிறகு, "எனக்கு அந்த ரெண்டு சுத்தைக் குறைக்க மனசு வரலை. ஆனா அதைச் சொல்லத் தைரியமும் வரலை. நீ சொன்னே. போனாப் போகட்டும்" என்றார்.

"ஷெட்டு போயிடுமே."

"போனா உன் அண்ணன்கிட்டத்தானே போகுது. தினமும் வந்து சண்டை போடு."

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை. அவருடைய முதுகில் இருந்த கிரீஸ் கறையைத்தான் சுரண்டினாள்.

பதில் வருவதாகக் காணோம். சொன்ன சொல்லை முதலாளி மாற்றவில்லை. மச்சானுக்கு அவரே போன் போட்டார். கன்டெய்னர் அன்று பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை. ஷெட்டை அளவெடுக்கிற டேப் மட்டும் கொண்டுவந்தார். வழக்கமான நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"மனசு சங்கடமா இருந்தா இன்னொரு நாள் வரேன் பாப்பா."

"வந்த வேலையைப் பாருண்ணே."

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். முதலாளி மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். விற்கப்போகிற மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் அக்காவே பின்சுவரில் நுனியை வைத்துப் பிடித்துக்கொண்டாள். கன்டெய்னர் பின்புறமாகவே நடந்து, பேக்கிங் மேசையைக் கடந்து, மெஷின்களைக் கடந்து, வாசல்வரை போனார். டேப் அவள் கையில் இழுத்துக்கொண்டு நின்றது.

"விட்டுடாதே பாப்பா, கையை அறுத்துடும்" என்று அங்கிருந்து கத்தினார்.

அவருக்குப் பின்னால் ஸ்கூட்டர் வந்து நின்றது.

ஏஜென்ட் பெண் டேப்புக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். "வந்துடுச்சு!" என்றாள். பிறகு, "ஆனா முழுசா இல்ல" என்றாள்.

மெஷினுக்கு அடியிலிருந்து முதலாளியின் தலை மட்டும் வெளியே வந்தது.

"ஃபிளாஸ்க் பிரஷ்ஷும் டம்ளர் பிரஷ்ஷும் உங்ககிட்ட வேணாமாம். அதுல நார் உதிர்ந்தா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, மலிவான இடத்துல வாங்கிக்கிறேங்கிறார். பால்புட்டி பிரஷ் மட்டும் நீங்க. பழைய விலைக்கே. மாசா மாசம்."

"மலிவான இடம்னா எது?" என்றார் கன்டெய்னர்.

ஏஜென்ட் பெண் சொன்னாள்.

"அட! அங்கேர்ந்துதானே நானும் இறக்குறேன்" என்றார் கன்டெய்னர். என்னவோ சொந்த ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டதுபோல முகம் மலர்ந்தது.

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதலாளி எழுந்து வந்தார். நடுவில் நின்று ஒவ்வொரு மெஷினாகப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது.

"பால்புட்டி மட்டும்னா இந்தப் பக்கத்து மெஷின் போதும். அந்த ரெண்டும் நின்னுடும். பாதி ஷெட்டுக்கு மேல வேலை இல்ல. பாதி ஷெட்டுக்கு வேலை..." என்று நிறுத்தினார். "இருக்கு."

எல்லோரும் கன்டெய்னரைப் பார்த்தார்கள். வாக்குப்படி அடுத்த ஆர்டர் வந்துவிட்டது. வாக்குப்படி முழுதாக வரவில்லை. யார் ஜெயித்தது என்று அவரும் யோசித்தார். டேப்பைப் பார்த்தார். அதன் மறுமுனையில் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் தங்கையைப் பார்த்தார்.

"பாப்பா, விடாதே, அப்படியே பிடி. மாப்ள, ஒரு சாக்பீஸ் எடு. டேப்புல பாதி எங்க வருதுன்னு பாரு."

முதலாளி குனிந்து தரையில் கோடு கிழித்தார்.

அன்று சாயந்திரம்வரை அந்தக் கோட்டுக்குச் சண்டை நடந்தது. மின்விசிறி கன்டெய்னர் பக்கம் போய்விட்டதென்று அக்கா சொன்னாள். தண்ணீர்க் குழாய் அவள் பக்கம் இருக்கிறதே என்று அவர் சொன்னார். நல்ல நாற்காலி யாருக்கு என்பதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று மெஷினில் இரண்டை விற்றாக வேண்டும் என்பதில்தான் பேச்சு கொஞ்சம் தடுமாறியது. முதலாளி அவற்றின் மேல் கோணிச்சாக்கைப் போர்த்திவிட்டு வந்தார். ஆட்களில் ஒருவரைக்கூட அனுப்ப முடியாது என்று அக்கா அடித்துச் சொல்லிவிட்டதால், ரேடியோவும் இன்னும் சிலரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் வெளிநாட்டுப் பெட்டிகளை எண்ணி அடுக்குவது என்று முடிவானது.

"என்னைப் பிரிச்சிட்டீங்களேக்கா" என்று ரேடியோ மூக்கை உறிஞ்சினாள்.

"ஆறடி தள்ளித்தானேடி போறே?"

"அதுவும் சரிதான். நான் எங்க உக்காந்தாலும் ரெண்டு பக்கமும் கேக்கும்."

முதல் மாதச் சரக்கு கிளம்பும் நாள் வந்தது. பால்புட்டி பிரஷ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லாரி வாசலில் உறுமிக்கொண்டிருந்த நேரத்தில், கன்டெய்னரின் புதுச் சரக்கோடு இன்னொரு லாரி தெருவுக்குள் நுழைந்து மூக்கோடு மூக்கு முட்டி நின்றது. தெரு ஒரு லாரிக்குத்தான் தாங்கும். இரண்டு டிரைவர்களும் தலையை வெளியே நீட்டி, ஒருவர் குடும்பத்தை ஒருவர் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

"மாப்ள, என் வண்டிக்கு வாடகை ஏறுது. முதல்ல இதை உள்ள விடச் சொல்லு!" என்று அந்தப் பக்கமிருந்து கன்டெய்னர் கத்தினார்.

"கப்பல் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. என் வண்டிதான் முதல்ல!" என்று இந்தப் பக்கமிருந்து அக்கா கத்தினாள்.

முதலாளி இரண்டு லாரிகளுக்கும் நடுவே நின்று, இரண்டு பக்கமும் கை காட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கைக்கும் யாரும் நகரவில்லை.

"பார்த்து முடிவெடுங்க முதலாளி" என்று உள்ளேயிருந்து ரேடியோ குரல் கொடுத்தாள். "எப்படி முடிவெடுத்தாலும் ராத்திரி வீட்டுக்குத்தான் போகணும்!"

கன்டெய்னர் தன் லாரியிலிருந்து குதித்து இறங்கினார். எதிர் லாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளை அண்ணாந்து பார்த்தார். எல்லாவற்றின் மேலும் அந்தத் தூரதேசத்துத் துறைமுகத்தின் பெயர் அச்சடித்திருந்தது. எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு திரும்பி, தன் லாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் படபடவென்று அடித்தார்.

"ரிவர்ஸ் எடுய்யா! தெருமுனை வரைக்கும் போ, போ! என் தங்கச்சி சரக்கு வெளிநாடு போகுது, கண்ணு தெரியலை?" என்று தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டே, லாரிக்கு முன்னால் கை வீசி ஓடினார்.